டெல்லிக்குப் படிக்க வர்றவங்களுக்கு: கேம்பஸ் பாதுகாப்பு, தானா, கம்ப்ளைன்ட் பத்தி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜூலை ஆகஸ்ட் வந்தாலே என் ஃபோன் ஓயாது. ஊர்ல யாரோ ஒருத்தர் பொண்ணுக்கு டியூல (டெல்லி யுனிவர்சிட்டில) சீட் கிடைச்சிருக்கும், யாரோ ஒரு தம்பி ஜேஎன்யூல பிஹெச்டி சேர்ந்திருப்பான், யார் மூலமாவோ என் நம்பர் கைமாறி போயிருக்கும். நான் 2013-ல தஞ்சாவூர் பக்கத்துல இருந்து எம்ஏ படிக்க வந்தவ, படிப்பு முடிஞ்சு இங்கயே வேலை, இப்ப முனிர்கால குடித்தனம். நான் வக்கீல் இல்ல, ஆனா புதுசா வந்த பசங்களுக்குத் துணையா தானா பெஞ்சுல நிறைய நேரம் உக்காந்திருக்கேன். (இங்க போலீஸ் ஸ்டேஷனை தானான்னுதான் சொல்லுவாங்க, அதனால இங்கயும் அப்படியே எழுதுறேன்.) எல்லாரும் கேக்குற கேள்வி கிட்டத்தட்ட ஒண்ணுதான்ங்கிறதால அவங்க கேட்ட மாதிரியே போட்டு பதில் எழுதியிருக்கேன்.

அக்கா டெல்லி நிஜமாவே அவ்ளோ மோசமா? வீட்ல அனுப்பவே பயப்படுறாங்க

பயப்படுறது தப்பில்ல, ஆனா எதுக்கு பயப்படணும்னு தெரிஞ்சுக்கிட்டு பயப்படணும். இங்க படிக்கிற பசங்களுக்கு அதிகமா நடக்குறது என்னன்னு என்கிட்ட வந்த கதைகளை வச்சு சொல்றேன், ஃபோன் பறிப்பு, மெட்ரோலயும் பஸ்லயும் ஜேப்படி, ரூம் புரோக்கர் பண்ற மோசடி, ஆன்லைன்ல பணம் போறது, பொண்ணுங்களுக்கு பின்தொடர்றதும் கூட்டத்துல உரசுறதும். பெரிய அசம்பாவிதம் நடக்கவே நடக்காதுன்னு சொல்ல மாட்டேன், நான் தினமும் முனிர்கா பஸ் ஸ்டாப்பைத் தாண்டித்தான் வேலைக்குப் போறேன், 2012 டிசம்பர் 16 ராத்திரி, நிர்பயான்னு எல்லாரும் சொல்ற அந்தப் பொண்ணும் அவ ஃபிரெண்டும் பஸ் ஏறுன இடம் அது, இன்னிக்கும் அங்க நிக்கும்போது மனசு ஒரு மாதிரி ஆயிடும்.

ஆனா டெல்லில படிச்சு நல்லா வந்த தமிழ்ப் பசங்க ஆயிரக்கணக்குல இருக்காங்க. அனுப்புங்க. அனுப்பும்போது கீழ இருக்குறதையும் சொல்லி அனுப்புங்க.

எந்தெந்த நம்பரை சேவ் பண்ணி வைக்கணும்?

112 ஒண்ணு போதும் அவசரத்துக்கு, போலீஸ் ஆம்புலன்ஸ் ஃபயர் எல்லாத்துக்கும் அதுதான். பெண்கள் உதவிக்கு 181, டெல்லி போலீஸோட பெண்கள் ஹெல்ப்லைன் 1091. ஆன்லைன்ல பணம் போச்சுன்னா 1930, ராகிங்குக்கு 1800-180-5522, மனசு தாங்கலன்னா டெலி மானஸ் 14416, அதுல தமிழ்லயும் பேசலாம். இலவச சட்ட உதவிக்கு 15100. இதை ஃபோன்ல மட்டும் வைக்காதீங்க, ஒரு சீட்டுல எழுதி பர்ஸுலயும் வைங்க, ஏன்னா முதல்ல போறது ஃபோன்தான். கூடவே அம்மா நம்பரையும் ஒரு ஃபிரெண்டு நம்பரையும் மனப்பாடம் பண்ணுங்க.

112-க்கு போட்டா முதல்ல எங்க இருக்கீங்கன்னுதான் கேப்பாங்க, புதுசா வந்தவங்க அங்கதான் திணறுவாங்க. மெட்ரோ மேல போற ரோடுன்னா ஒவ்வொரு தூண்லயும் நம்பர் எழுதியிருக்கும், இங்க எல்லாரும் அட்ரஸே அப்படித்தான் சொல்லுவாங்க, சத்ய நிகேதன் பக்கம் இருந்தா தூண் நம்பரைப் பாத்து சொல்லுங்க. நார்த் கேம்பஸ் பக்கம் மெட்ரோ தரைக்கு அடியில போறதால தூண் கிடையாது, அங்க பக்கத்துல இருக்குற கடை போர்டையோ காலேஜ் கேட் நம்பரையோ படிச்சு சொல்லுங்க.

எனக்கு ஹிந்தி சுத்தமா வராது, போலீஸ்கிட்ட என்னன்னு பேசுறது?

இங்கிலீஷ்ல பேசலாம், இங்கிலீஷ்லயே கம்ப்ளைன்ட் எழுதிக் குடுக்கலாம், ஹிந்தியிலதான் எழுதணும்னு யாராவது சொன்னா அது தப்பு. ஆனா ரெண்டே ரெண்டு ஹிந்தி வார்த்தையை மட்டும் வித்தியாசம் தெரிஞ்சு வச்சுக்கோங்க, "கோ கயா"ன்னா தொலைஞ்சு போச்சு, "சீன் லியா"ன்னா பிடுங்கிட்டாங்க. திருடிட்டாங்கன்னா "சோரி".

இதை ஏன் இவ்ளோ அழுத்திச் சொல்றேன்னா, 2015-ல விஜய் நகர் பக்கம் என் ஃபோனை பைக்ல வந்தவன் பிடுங்கிட்டுப் போனப்ப எனக்கு தெரிஞ்ச ஒரே வார்த்தை கோ கயாதான், அழுதுக்கிட்டே அதையே திரும்பத் திரும்ப சொன்னேன், டியூட்டில இருந்தவர் தொலைஞ்சு போச்சுன்னே எழுதிட்டாரு. கையெழுத்து வேற போட்டுட்டு வந்தேன். அந்த ஒரு வார்த்தையில கேஸே இல்லாம போச்சு. எழுதினதை உங்களுக்குப் படிச்சுக் காட்டணும்ங்கிறது சட்டம், ஹிந்தியில இருந்தா என்ன எழுதியிருக்குன்னு இங்கிலீஷ்ல சொல்லச் சொல்லுங்க, இல்ல ஹிந்தி தெரிஞ்ச ஒரு ஆளுக்கு ஃபோட்டோ அனுப்பிக் கேட்டுட்டு கையெழுத்து போடுங்க. இங்க எஃப்ஐஆர்ல பழைய உருது வார்த்தை நிறைய வரும், ஹிந்தி படிச்ச பசங்களே முழிப்பாங்க, அதனால வெக்கப்படாம கேளுங்க.

பைக்ல வந்தவன் ஃபோனை பிடுங்கிட்டுப் போயிட்டான், முதல்ல என்ன பண்ணணும்?

துரத்தாதீங்க. பக்கத்துல யார்கிட்டயாவது ஃபோன் வாங்கி 112 போடுங்க, அப்ப அது எத்தனை மணிக்கு எங்க நடந்துச்சுன்னு ஒரு பதிவு விழுந்துடும், பின்னாடி தானால யாரும் இல்லன்னு சொல்ல முடியாது. அடுத்தது சிம்மை பிளாக் பண்ணுங்க, அப்புறம் பேங்குக்கு ஃபோன் போட்டு யுபிஐயையும் நெட் பேங்கிங்கையும் நிறுத்தச் சொல்லுங்க. ஃபோனோட விலையை விட அதுக்குள்ள இருக்குற பேங்க் பெருசு, லாக் திறந்த நிலையில பேசிக்கிட்டு இருக்கும்போதே பிடுங்குறது அதுக்காகத்தான்.

அதுக்கப்புறம் தானா. கம்ப்ளைன்ட் காப்பி கைக்கு வந்ததும் மத்திய அரசோட சஞ்சார் சாத்தி போர்டல்ல ஃபோனோட ஐஎம்இஐ நம்பரைக் (ஒவ்வொரு ஃபோனுக்கும் இருக்குற தனி அடையாள நம்பர்) குடுத்து பிளாக் பண்ணலாம், 2023 மே மாசத்துல இருந்து நாடு முழுக்க இது இருக்கு, பிளாக் பண்ணிட்டா வேற சிம் போட்டாலும் நெட்வொர்க் எடுக்காது. அந்த நம்பர் ஃபோன் வாங்குன டப்பாவுல இருக்கும். டப்பா ஊர்ல இருக்கும்னா இப்பவே *#06# அடிச்சு நம்பரை அம்மாவுக்கு அனுப்பி வைங்க.

தானால லாஸ்ட் ரிப்போர்ட் போட்டா போதும், அதுவே சிம் வாங்க ஆகும்னு சொல்றாங்க, போட்டுடலாமா?

போடாதீங்க. இந்தப் பக்கத்துல ஒரே ஒரு பதிலை மட்டும் படிக்க நேரம் இருந்தா இதைப் படிங்க. லாஸ்ட் ரிப்போர்ட்ங்கிறது நீங்களே ஆன்லைன்ல போட்டுக்குற ஒரு சீட்டு, என் பொருள் தொலைஞ்சு போச்சுன்னு நீங்களே சொல்ற மாதிரி, அதை யாரும் விசாரிக்க மாட்டாங்க. டூப்ளிகேட் சிம், ஐடி கார்டு வாங்க மட்டும்தான் உதவும். பிடுங்குனது குற்றம், பிஎன்எஸ்ல (ஐபிசிக்குப் பதிலா வந்த புது குற்றச் சட்டம்) 304-ம் பிரிவுன்னு பறிப்புக்குன்னே தனிப் பிரிவு இருக்கு, மூணு வருஷம் வரைக்கும் தண்டனை. குற்றம் நடந்தா எஃப்ஐஆர். பறிப்புன்னு பதிவானா அந்த ஏரியா கணக்குல ஏறும், தொலைஞ்சதுன்னு எழுதினா எந்தக் கணக்குலயும் ஏறாது, அதனாலதான் அந்தப் பக்கம் தள்ளிவிடுறாங்கன்னு நான் நினைக்கிறேன்.

2022-ல தென்காசிப் பொண்ணு ஒருத்திக்கு துணையா போயிருந்தேன். டியூட்டி ஆஃபீசர் மூணு தடவை லாஸ்ட் ரிப்போர்ட் போட்டுக்கோன்னாரு, நாங்க அங்கயே பெஞ்சுல உக்காந்து நோட்டுல ஒரு பக்கம் கிழிச்சு கம்ப்ளைன்ட் எழுதினோம், நேரம், இடம், பைக் கலர், பின்னாடி உக்காந்தவன் போட்டிருந்த சட்டை, பிடுங்குனதுல அவ விரல்ல ஏற்பட்ட கீறல் வரைக்கும். ரெண்டு காப்பி. ஒண்ணைக் குடுத்துட்டு இன்னொண்ணுல "ரிசீவிங்" கேட்டோம், அதாவது வாங்கிக்கிட்டோம்னு முத்திரை, தேதி, கையெழுத்து, டைரி நம்பர். டெல்லில எந்த ஆஃபீஸ் போனாலும் ரிசீவிங் இல்லாம பேப்பரைக் குடுத்துட்டு வராதீங்க. மூணு மணி நேரம் ஆச்சு, எஃப்ஐஆர் ஆச்சு. ஏழெட்டு மாசம் கழிச்சு ஐஓ, அதாவது கேஸை விசாரிக்கிற அதிகாரி, ஃபோன் பண்ணாரு, வேற கேஸ்ல பிடிபட்டவன்கிட்ட இருந்து நாலஞ்சு ஃபோன் கிடைச்சிருக்கு, அதுல இதுவும் ஒண்ணு. கோர்ட்டுல மனு போட்டு, சூப்பர்தாரின்னு சொல்லுவாங்க, அதுல வாங்கிட்டு வந்தோம். கவர்ல அவ அம்மா ஒட்டுன பிள்ளையார் ஸ்டிக்கர் அப்படியே இருந்துச்சு. எஃப்ஐஆர் இல்லன்னா அது யாரு ஃபோன்னு அவங்களுக்கு எப்படி தெரியும்?

யார் எடுத்தாங்கன்னே தெரியாத திருட்டுன்னா டெல்லி போலீஸ் சைட்ல வீட்ல இருந்தே இ-எஃப்ஐஆர் போடலாம். சைட்ல லாஸ்ட் ரிப்போர்ட்டும் அதுவும் பக்கத்துல பக்கத்துல இருக்கும், பாத்து அழுத்துங்க.

"இது எங்க ஏரியா இல்ல"ன்னு அனுப்பிட்டாங்க, எஃப்ஐஆரே போட மாட்டேங்கிறாங்க, அப்ப?

ஏரியா இல்லன்னு சொல்றது செல்லாது. 2024 ஜூலை 1-ல இருந்து ஐபிசிக்குப் பதிலா பிஎன்எஸ், போலீஸ், கோர்ட் நடைமுறையைச் சொல்ற சிஆர்பிசிக்குப் பதிலா பிஎன்எஸ்எஸ் வந்துடுச்சு, அந்த பிஎன்எஸ்எஸ் 173-ம் பிரிவுல எந்த இடத்துல நடந்திருந்தாலும் எந்த தானாலயும் தகவல் குடுக்கலாம்னு எழுதியே இருக்கு, அதுக்குப் பேருதான் ஜீரோ எஃப்ஐஆர். பதிவு பண்ணிட்டு அவங்கதான் உரிய தானாவுக்கு அனுப்பணும், நீங்க அலைய வேண்டியதில்ல. மெயில் மாதிரி மின்னணு வழியிலயும் தகவல் அனுப்பலாம், ஆனா மூணு நாளைக்குள்ள போய் கையெழுத்து போடணும். எஃப்ஐஆர் காப்பி இலவசம்.

அப்படியும் மறுத்தா அந்தக் கம்ப்ளைன்ட்டை எழுத்துல டிசிபிக்கு (போலீஸ் துணை கமிஷனர்) ஸ்பீட் போஸ்ட்ல அனுப்புங்க, ரசீதை பத்திரமா வைங்க, அங்கயும் நடக்கலன்னா மாஜிஸ்ட்ரேட்கிட்ட மனு போடலாம். போலீஸ் வாரண்ட் இல்லாம கைது பண்ணக்கூடிய குற்றம்னா எஃப்ஐஆர் போட்டே ஆகணும்னு சுப்ரீம் கோர்ட் 2013-லயே லலிதா குமாரி வழக்குல சொல்லிடுச்சு. புது சட்டத்துல மூணு வருஷத்துல இருந்து ஏழு வருஷத்துக்குள்ள தண்டனை இருக்குற குற்றங்களுக்கு 14 நாள் முதல்கட்ட விசாரணை பண்ணிட்டு பதிவு பண்ணலாம்னு ஒரு வழி வச்சிருக்காங்க, அதுக்கும் டிஎஸ்பி அந்தஸ்துல இருக்குற அதிகாரியோட அனுமதி வேணும். "14 நாள் கழிச்சு வா"ன்னு சொன்னா அந்த அனுமதி எங்கன்னு கேளுங்க, கம்ப்ளைன்ட்டுக்கு ரிசீவிங்கும் வாங்கிடுங்க.

பிஜில (பேயிங் கெஸ்ட் விடுதில) ஒரிஜினல் சர்ட்டிபிகேட் குடுத்தாத்தான் ரூம்னு சொல்றாங்க

குடுக்காதீங்க, வேற பிஜி பாருங்க. போலீஸ் வெரிபிகேஷன் கட்டாயம், அதை வீட்டுக்காரர் பண்ணியே ஆகணும், ஆனா அதுக்கு நகல் போதும். ஆதார்ல முதல் எட்டு நம்பர் மறைஞ்ச மாதிரி ஒரு காப்பியை ஆதார் சைட்லயே எடுக்கலாம், நகல்ல "பிஜி வெரிபிகேஷனுக்கு மட்டும்"னு தேதியோட குறுக்க எழுதிக் குடுங்க. ஊர்ல இருந்துக்கிட்டே ஃபோட்டோ பாத்து டோக்கன் அட்வான்ஸ் அனுப்பாதீங்க, நான் மிலிட்டரில இருக்கேன், கேட் பாஸுக்கு மட்டும் கொஞ்சம் அனுப்புங்கன்னு பேசுற கும்பல் வருஷா வருஷம் சீசனுக்கு வந்துடும்.

ரூம் பாக்கும்போது பூட்டை மட்டும் பாக்காதீங்க, படிக்கட்டைப் பாருங்க. 2023 ஜூன்ல முகர்ஜி நகர் கோச்சிங் கட்டடத்துல தீ பிடிச்சப்ப பசங்க ஜன்னல் வழியா கயிறையும் வயரையும் பிடிச்சு இறங்குனாங்க. 2024 ஜூலை 27-ம் தேதி பழைய ராஜிந்தர் நகர்ல பேஸ்மென்ட் லைப்ரரில மழைத்தண்ணி புகுந்து மூணு பேர் செத்துப் போனாங்க, ஐஏஎஸ் கனவோட வந்தவங்க. அதனால இறங்குறதுக்கு ஒரே ஒரு வழி இருக்குற பேஸ்மென்ட்ல படிக்கவோ படுக்கவோ செய்யாதீங்க, வாடகை எவ்ளோ கம்மியா இருந்தாலும். ஜன்னல் கம்பி திறக்குமா, மொட்டை மாடிக் கதவு ராத்திரி பூட்டுவாங்களான்னு கேளுங்க.

லைப்ரரில இருந்து ராத்திரி லேட்டா வரலாமா, எந்த வழி சேஃப்?

மெட்ரோ வரைக்கும் பெரும்பாலும் பிரச்சனை இல்ல, எல்லா ஸ்டேஷன்லயும் சிஐஎஸ்எஃப் பாதுகாப்புப் படை இருக்காங்க, ஒரு பெட்டி பெண்களுக்குன்னே 2010-ல இருந்து இருக்கு. மாட்டுறது மெட்ரோவுல இருந்து ரூமுக்கு வர்ற கடைசி ஒரு கிலோமீட்டர்தான். அந்தத் தூரத்துக்கு பத்து இருபது ரூபாய் மிச்சம் பிடிக்காதீங்க, ஆள் இருக்குற இ-ரிக்ஷாவுல ஏறுங்க. நார்த் கேம்பஸ்ல ரிட்ஜ் காட்டு வழி பகல்ல அழகா இருக்கும், இருட்டுனப்புறம் குறுக்கு வழின்னு உள்ள போகாதீங்க, பையனா இருந்தாலும் சரி. நடக்கும்போது ரோட்டுப் பக்கக் கையில ஃபோன் வேண்டாம், உள்பக்கக் கையில பிடிங்க, பைக்காரன் கை நீட்டுற தூரம் அவ்ளோதான். மெட்ரோக்குள்ள ஜேப்படி ஆச்சுன்னா மெட்ரோவுக்குன்னே தனி தானா இருக்கு, ஸ்டேஷன்ல கேட்டா சொல்லுவாங்க.

ஹாஸ்டல்ல பொண்ணுங்களுக்கு மட்டும் சீக்கிரம் கேட் பூட்டுறாங்க, கேட்டா உங்க பாதுகாப்புக்குத்தான்னு சொல்றாங்க

யூஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) 2015 விதிமுறையில இதுக்கு நேரடியாவே பதில் இருக்கு, பாதுகாப்பைக் காரணம் காட்டி பசங்களுக்கு இல்லாத கட்டுப்பாட்டைப் பொண்ணுங்க ஹாஸ்டல்ல மட்டும் போடக்கூடாதுன்னு. அதே 2015-ல டெல்லிப் பொண்ணுங்க பிஞ்ச்ரா தோட்னு, கூண்டை உடைன்னு அர்த்தம், ராத்திரி ஊர்வலம் போயி நிறைய இடத்துல நேரத்தை மாத்த வச்சாங்க. எனக்கும் இதுல ஒரு கருத்து இருக்கு, பூட்டுன கேட்டுக்கு வெளிய பத்து நிமிஷம் லேட்டா வந்த பொண்ணு நிக்கிறதுதான் ஆபத்து. வார்டன்கிட்ட சண்டை போடாம விதிமுறையைக் குறிப்பிட்டு பத்துப் பேர் கையெழுத்து போட்டு மனு குடுங்க, மேல சொன்ன ரிசீவிங் இங்கயும்தான்.

சீனியர்ஸ் ரூமுக்கு கூப்பிட்டு இன்ட்ரோ குடுக்க சொல்றாங்க, இது ராகிங்கா இல்ல சும்மா ஜாலியா?

உங்களுக்கு வெக்கமோ பயமோ வேதனையோ ஆச்சுன்னா ராகிங்தான், அவங்களுக்கு ஜாலியா இருந்துச்சாங்கிறது கணக்கே இல்ல. அடிக்கணும்னு அவசியம் இல்ல, அசைன்மென்ட் எழுத வைக்கிறது, காசு செலவழிக்க வைக்கிறது, நிறத்தையோ ஊரையோ சாதியையோ சொல்லி கிண்டல் பண்றது, "மதராஸி டான்ஸ் ஆடு"ன்னு நிக்க வைக்கிறது எல்லாமே அதுக்குள்ள வரும். சாதியைச் சொல்லி அவமானப்படுத்தினா எஸ்சி எஸ்டி வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் சேரும். ஜூனியர்ஸை வாட்ஸப் குரூப்ல சேத்துவிட்டு டார்ச்சர் பண்றதையும் ராகிங்காத்தான் பாக்கணும்னு யூஜிசி சொல்லியிருக்கு.

இந்த விஷயத்துல நம்ம ஊருக்கு ஒரு வலி இருக்கு, 1996-ல சிதம்பரத்துல முதல் வருஷ மருத்துவ மாணவனை சீனியர் கொன்ன கொடுமைக்கு அப்புறம்தான் 1997-ல தமிழ்நாட்டுல ராகிங் தடைச் சட்டம் வந்துச்சு. பின்னாடி சுப்ரீம் கோர்ட் சொல்லி அமைச்ச குழுவுக்குத் தலைமை தாங்குனவரும் நம்ம ஆர்.கே.ராகவன்தான், முன்னாள் சிபிஐ இயக்குநர். அதைத் தொடர்ந்து வந்த 2009 யூஜிசி விதிமுறைப்படி, நடந்தது கிரிமினல் குற்றம்னா காலேஜ் தலைவர் தகவல் கிடைச்ச 24 மணி நேரத்துக்குள்ள எஃப்ஐஆர் போட வைக்கணும். நீங்க பேர் சொல்லாமலும் ஹெல்ப்லைன்ல புகார் குடுக்கலாம்.

ஒருத்தன் தினமும் மெட்ரோல இருந்து பிஜி வரைக்கும் பின்னாடியே வர்றான், தொடல, பேசல, இதுக்கு கம்ப்ளைன்ட் எடுப்பாங்களா?

எடுத்தே ஆகணும். விருப்பம் இல்லன்னு தெளிவா காட்டுன பிறகும் திரும்பத் திரும்ப பின்தொடர்றது, பேச முயற்சி பண்றது, ஆன்லைன்ல நோட்டம் விடுறது எல்லாம் பிஎன்எஸ் 78. முதல் தடவை மூணு வருஷம் வரைக்கும், அது ஜாமீன் கிடைக்குற பிரிவு, மறுபடி தண்டனை வாங்கினா அஞ்சு வருஷம் வரைக்கும், அது ஜாமீன் கிடையாத பிரிவு. 2012-க்கு அப்புறம் 2013-ல சட்டத்தைத் திருத்துனப்பதான் இது தனிக் குற்றமாவே வந்துச்சு, அப்ப அதுக்கு 354டின்னு நம்பர், தானால இன்னும் பழைய நம்பர்லயே பேசுறவங்க உண்டு.

தேதி, நேரம், இடம் ஒரு நோட்டுல எழுதிக்கிட்டே வாங்க. பின்னாடி வர்றான்னு தெரிஞ்சா ரூமுக்குப் போகாதீங்க, ஆள் இருக்குற கடைக்குள்ள போயி அங்க இருந்து ஃபோன் போடுங்க. அவனுக்கு உங்க வாசல் தெரியக்கூடாது.

கைடு தப்பா பேசுறார், மெசேஜ் பண்றார், தீசிஸ் அவர் கையில இருக்கு, எங்க போறது?

எல்லா காலேஜ்லயும் ஐசிசி, அதாவது உள் புகார்க் குழு, இருந்தே ஆகணும். வேலை இடத்துல பாலியல் துன்புறுத்தலைத் தடுக்குற 2013 சட்டமும் 2015 யூஜிசி விதிமுறையும் அதைத்தான் சொல்லுது. தலைவர் ஒரு சீனியர் பெண் பேராசிரியர், குறைஞ்சது பாதிப் பேர் பெண்கள், வெளிய இருந்து ஒருத்தர், மாணவர் சம்பந்தப்பட்ட கேஸ்னா மாணவர் பிரதிநிதிகளும் உக்காரணும். நடந்த நாள்ல இருந்து மூணு மாசத்துக்குள்ள எழுத்துல குடுக்கணும், தகுந்த காரணம் இருந்தா இன்னொரு மூணு மாசம் நீட்டிக்கலாம். தொடர்ந்து நடந்துக்கிட்டிருந்தா கடைசியா நடந்ததுல இருந்து கணக்கு. விசாரணையை 90 நாள்ல முடிக்கணும்.

தீசிஸ் பயம்தான் எல்லாரையும் வாயை மூட வைக்குது, எனக்குத் தெரியும், என்னோட கூடப் படிச்சவ ஒருத்தி ஒரு வருஷம் யார்கிட்டயும் சொல்லாம தூக்க மாத்திரை போட்டுக்கிட்டு இருந்தா. விசாரணை நடக்கும்போதே அந்த ஆள் உங்க வேலையை மதிப்பிடக்கூடாதுன்னு இடைக்கால உத்தரவு கேக்கலாம், கைடை மாத்தக் கேக்கலாம், லீவு கேக்கலாம். புகார்லயே இதையும் எழுதிடுங்க, கேக்காம குடுக்க மாட்டாங்க. மெசேஜ் எதையும் அழிக்காதீங்க, அருவருப்பா இருந்தாலும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து நம்புற ஒருத்தருக்கு அனுப்பி வைங்க.

ஐசிசி போனா போலீஸுக்கு போகக் கூடாதா? ஆறு மாசம் தாண்டிருச்சே?

ரெண்டும் வேற வேற வழி, ரெண்டுக்கும் போகலாம், ஒரே நாள்லயே போகலாம். "முதல்ல ஐசிசி முடியட்டும், போலீஸ் அப்புறம் பாக்கலாம்"னு காலேஜ்ல சொன்னா கேக்காதீங்க. ஆறு மாசக் கெடு ஐசிசிக்குத்தான், போலீஸுக்கு அந்தக் கெடு இல்ல. பாலியல் வன்முறை நடந்திருந்தா முதல்ல ஆஸ்பத்திரி, அரசோ தனியாரோ எந்த ஆஸ்பத்திரியும் இலவசமா உடனே சிகிச்சை குடுக்கணும், எஃப்ஐஆர் கொண்டுவான்னு சொல்லக்கூடாது. குளிக்காம, துணியை துவைக்காம போனா ஆதாரம் நிக்கும். குளிச்சிட்டீங்கன்னாலும் போங்க, நாள் கடந்திருந்தாலும் போங்க. வாக்குமூலம் பெண் அதிகாரிதான் எழுதணும்.

அக்கா நான் பையன். எனக்கு நடந்தா யார்கிட்ட சொல்றது?

இந்தக் கேள்வியை கேக்கவே அந்தத் தம்பி ரெண்டு வாரம் யோசிச்சானாம். 2013 சட்டம் பெண்களுக்கு மட்டும்தான், ஆனா 2015 யூஜிசி விதிமுறை ஆண் மாணவர்களும் மூன்றாம் பாலினத்தவரும் பாதிக்கப்படலாம்னு ஒத்துக்குது, அதனால ஐசிசிக்கு எழுதிக் குடுக்கலாம், ஹாஸ்டல்ல நடந்தா ராகிங் விதிமுறையும் உதவும். போலீஸ் பக்கம் ஒரு பெரிய ஓட்டை இருக்கு, பழைய ஐபிசியில இருந்த 377 புது சட்டத்துல இல்ல, வளர்ந்த ஆணுக்கு நடக்குற பாலியல் வன்முறைக்குன்னு நேர் பிரிவு கிடையாது. காயப்படுத்துறது, அடைச்சு வைக்கிறது, மிரட்டுறதுன்னு வேற பிரிவுலதான் போக முடியும். இது அநியாயம், மாத்தணும். அது வரைக்கும் 15100-ல வக்கீல் உதவி கேட்டுட்டு கம்ப்ளைன்ட்டை எழுதுங்க, நடந்ததை நடந்தபடி எழுதுங்க, பிரிவை அவங்க பாத்துக்கட்டும்.

ஃபெஸ்ட்டுக்கெல்லாம் போலாமா?

போங்க. ஆனா பெண்கள் காலேஜ்தானேன்னு அசால்ட்டா இருக்காதீங்க, 2020 பிப்ரவரில கார்கி காலேஜ் ஃபெஸ்ட்டுலயும் 2023 மார்ச்ல இந்திரபிரஸ்தா காலேஜ் ஃபெஸ்ட்டுலயும் வெளி ஆம்பளைங்க உள்ள புகுந்துட்டாங்க. கூட்டமா போயி கூட்டமா திரும்புங்க, ரெண்டாவது கேட் எங்கன்னு முதல்லயே பாத்து வைங்க.

கேம்பஸ்ல அடிதடி, போராட்டம்னா என்ன பண்றது? போலீஸ் உள்ள வரலாமா?

விசி, அதாவது துணைவேந்தர், அனுமதி இல்லாம போலீஸ் வரவே கூடாதுன்னு சட்டம் எதுவும் இல்ல, அது ஒரு மரபு. 2019 டிசம்பர் 15 ஜாமியா யுனிவர்சிட்டி லைப்ரரிக்குள்ள போலீஸ் புகுந்ததையும், 2020 ஜனவரி 5 ஜேஎன்யூல முகமூடி போட்ட கும்பல் ஹாஸ்டல் புகுந்து அடிச்சதையும் பாத்தவங்க நாங்க. அன்னிக்கு எங்க தெருவுல ஒரு தம்பி ராத்திரி முழுக்க எங்க வீட்டு ஹால்ல உக்காந்திருந்தான், கதவு தட்டுற சத்தம் கேட்டா எந்திரிச்சு நின்னுடுவான்.

போராட்டத்துக்குப் போறது உங்க உரிமை, போக வேண்டாம்னு நான் சொல்ல மாட்டேன். அடிபட்டா ஆஸ்பத்திரில எம்எல்சி (போலீஸ் கேஸுக்கு ஆதாரமா டாக்டர் எழுதுற காயப் பதிவு) போடச் சொல்லுங்க, எப்படி அடிபட்டுச்சோ அப்படியே சொல்லி. விழுந்துட்டேன்னு சொல்லிட்டா மூணாவது கேள்வில சொன்ன கோ கயா கதைதான் இதுவும்.

வீடியோ கால்ல வந்து ரெக்கார்ட் பண்ணிட்டு காசு கேட்டு மிரட்டுறாங்க, செத்துடலாம் போல இருக்கு

முதல்ல உயிரோட இருங்கப்பா. இப்பவே ஒரு ஆள்கிட்ட சொல்லுங்க, இல்லன்னா 14416 போடுங்க. இது உங்களுக்கு மட்டும் நடக்குறது இல்ல, ஒரே ஸ்கிரிப்ட்டை வச்சு தினமும் நூறு பேருக்கு ஃபோன் போடுற கும்பல். காசு குடுக்காதீங்க, ஒரு தடவை குடுத்தா மறுபடி கேப்பான். ஸ்க்ரீன்ஷாட் எடுத்துட்டு பிளாக் பண்ணி 1930-லயும் சைபர் கிரைம் போர்டல்லயும் புகார் குடுங்க. காசு போயிருந்தா எவ்ளோ சீக்கிரம் 1930 போடுறீங்களோ அவ்ளோக்கு அந்தப் பணத்தை வழியில நிறுத்தி வைக்க வாய்ப்பு இருக்கு, நாளைக்கு பாத்துக்கலாம்னு விடாதீங்க. போலீஸ் யூனிபார்ம்ல வீடியோ கால்ல வந்து டிஜிட்டல் அரெஸ்ட்னு சொல்றதும் இதே திருட்டுதான், அப்படி ஒரு அரெஸ்ட் சட்டத்துலயே கிடையாது.

வீட்டுக்கு தெரிஞ்சா படிப்பை நிறுத்திடுவாங்க, தெரியாம கம்ப்ளைன்ட் குடுக்கலாமா?

18 வயசு ஆயிடுச்சுன்னா அப்பா அம்மா அனுமதி வேண்டாம். பாலியல் வன்முறைக்கு ஆளானவங்க பேரை வெளியிடுறது பிஎன்எஸ் 72-படி குற்றம், அந்த எஃப்ஐஆரை வெப்சைட்லயும் போட மாட்டாங்க. தானால அட்ரஸ் கேட்டா டெல்லி அட்ரஸ் குடுங்க, ஃபோன் நம்பர் உங்களோடது. பெண்களுக்கு வருமானம் எவ்ளோ இருந்தாலும் அரசு செலவுல வக்கீல் உண்டு, 15100. வீட்ல எப்ப சொல்றதுன்னு நீங்க முடிவு பண்ணுங்க, ஆனா யாராவது ஒரு பெரியவங்களுக்குத் தெரிஞ்சிருக்கட்டும், தனியா சுமக்காதீங்க.

நாங்க திருநெல்வேலில இருக்கோம், பொண்ணு அங்க அழுவுறா, இங்க இருந்துக்கிட்டு நாங்க என்னம்மா பண்ண முடியும்?

நிறையப் பண்ணலாம்ங்க. மேல சொன்ன ஜீரோ எஃப்ஐஆரை உங்க ஊர் ஸ்டேஷன்லயே தமிழ்லயே குடுக்கலாம், அவங்க டெல்லிக்கு அனுப்புவாங்க. 112-க்கு நீங்க அங்க இருந்து போட்டா தமிழ்நாட்டுக்குத்தான் போகும், அதனால பொண்ணோட ஏரியா தானா நம்பர், வார்டன் நம்பர், ரூம்மேட் நம்பர் மூணையும் முதல் வாரமே வாங்கி எழுதி வைங்க. விசாரணை எந்த நிலையில இருக்குன்னு 90 நாளுக்குள்ள போலீஸ் சொல்லணும், சொல்லலன்னா எஃப்ஐஆர் நம்பரைப் போட்டு டிசிபிக்கு எழுதிக் கேளுங்க.

அப்புறம் ஒண்ணு. அவ ஃபோன் பண்ணி சொன்னதும் "அந்த நேரத்துல நீ ஏன் அங்க போன"ன்னு மட்டும் கேட்டுடாதீங்க. தென்காசிப் பொண்ணு தானால மூணு மணி நேரம் அழாம இருந்தவ, வெளிய வந்து என் ஃபோன்ல அவங்க அப்பாகிட்ட பேசுனப்பதான் அழுதா. அவர் கேட்டது "கையில காயம் ஆழமாம்மா, சாப்பிட்டியா"ன்னு ரெண்டே கேள்வி.